டோக்கன் கீழே போட்ட சீட்டு

ஆவடியிலிருந்து அம்பத்தூருக்குப் போகும் காலை ரயிலில் ஏறி, டோக்கனிடம் ஏமாறாமல் இறங்கியவர்கள் யாரும் கிடையாது. டிக்கெட் பரிசோதகர் ஏமாந்திருக்கிறார், முறுக்கு விற்பவர் ஏமாந்திருக்கிறார், விறைப்பாக மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற விமானப்படைக்காரரும் ஏமாந்திருக்கிறார். ஒரு மனிதனின் விரல்கள்மேல் வழக்குப் போடச் சட்டத்தில் இடமிருந்தால், முதல் ஆளாக நான் போட்டிருப்பேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நானும் மேஜிக் செய்கிறவன்.

டோக்கனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. சபைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் போனதில்லை. எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அங்கே கேன்டீனில் சாப்பாட்டுக்குப் பித்தளை டோக்கன் கொடுக்க வேண்டும். இவர் கொடுப்பார், பரிமாறுகிறவர் வாங்கி டப்பாவில் போடுவார், டப்பாவில் சத்தமே வராது. கடைசியில் டோக்கன் சாம்பார் கரண்டிக்குள் முருங்கைக்காயோடு கிடக்கும். அப்படி வந்த பெயர்தான் டோக்கன். வலது கட்டைவிரல் ஒருமுறை மெஷினில் மாட்டியதில், நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. அந்தப் பிளந்த நகத்தை வைத்துக்கொண்டுதான் மனிதர் இத்தனையும் செய்தார். எனக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. சொல்லுங்கள், வயிறு எரியுமா எரியாதா?

நான் மேடை மேஜிக்காரன். கறுப்புக் கோட்டு, தொப்பி, கோல், எல்லாம் முறைப்படி உண்டு. போஸ்டரில் 'புரொஃபசர்' என்று போட்டுக்கொள்வேன். படித்தது பி.காம்., அதிலும் ஒரு பேப்பர் பாக்கி. டோக்கனிடம் இருந்ததோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு சீட்டுக்கட்டு, ஒரு தீப்பெட்டி, நாலு டோக்கன். ரயிலில் எதிரில் இருப்பவரிடம் சீட்டை விசிறியாக விரித்து நீட்டுவார். அவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகுவார். அண்ணனூர் தாண்டும்போது அந்தச் சீட்டு எடுத்தவருடைய சாப்பாட்டுப் பையில், ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் இருக்கும். ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டே ஒன்பது பேர் அம்பத்தூரில் இறங்க மறந்து, கொரட்டூரில் இறங்கித் திரும்பி வந்தார்கள். அந்த ஒன்பதில் நானும் ஒருவன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் இருவரும் கோவில்பதாகைப் பக்கம், ஒரே சபை. கிறிஸ்துமஸ் கலைவிழாவில் வருஷாவருஷம் என் நிகழ்ச்சி உண்டு. சபை மேடையில் சீட்டுக்கட்டு ஏறக்கூடாது என்று போதகர் ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு வருஷம் பெட்டியிலிருந்து முயல் எடுப்பதாக ஏற்பாடு. முயல் கிடைக்கவில்லை. பூந்தமல்லி சந்தையில் கோழிதான் கிடைத்தது. காலிப் பெட்டி என்று நான் நாலு பக்கமும் காட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து கோழி கொக்கரித்துவிட்டது. சபையே சிரித்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டோக்கன், பக்கத்திலிருந்த பொருளாளரின் காதுக்குப் பின்னாலிருந்து நிதானமாக ஒரு முட்டையை எடுத்தார். பொருளாளர் அதை நாற்காலிக் கையில் தட்டிப் பார்த்தார். அவித்த முட்டை. உரித்துச் சாப்பிட்டும் விட்டார்.

முதலில் கடைசி வரிசைத் தலைகள் திரும்பின, பிறகு அதற்கு முந்தின வரிசை. பத்து நிமிஷத்தில் நாற்காலிகளையே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மேடையில் நானும் கோழியும் மட்டும் ஜனங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த முதுகுகளில் ஒன்று சுகந்தியினுடையது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் ரயிலில் பிடித்துக்கொண்டேன். டோக்கன் தலையைச் சொறிந்தார். "கோச்சிக்காத நைனா. கோயி சத்தம் குட்த்துடுச்சு, ஊரே உன்னப் பாத்து சிரிக்குது. நான் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவுட்டேன், அவ்ளோதான்" என்றார். திமிரைப் பார்த்தீர்களா என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

அவருடைய ரகசியத்தைப் பிடிக்க ஐந்து வருஷம் அந்தக் கைகளையே பார்த்தேன். பிடித்தது ஒன்றே ஒன்றுதான். தனக்கு வேண்டிய சீட்டின் கீழ்முனையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாக, ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்கு மடிப்பார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாலும் விரலுக்கு அது தெரியும். எதிராளி கை நீட்டும் சமயம் பார்த்து அதையே அவர் விரலுக்குள் தள்ளிவிடுவார். நாம் இஷ்டப்பட்டு எடுத்ததாக நினைப்போம், எடுக்கவைத்தவர் அவராக இருப்பார். எங்கள் தொழிலில் இதற்கு ஃபோர்ஸ் என்று பெயர். எல்லா மேஜிக்காரர்களும் செய்வதுதான். ஆனால் டோக்கன் மடித்தால் மட்டும், நகம் பிளந்திருந்ததால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு விழும், ரயில் தண்டவாளம் மாதிரி. அந்த இரண்டு கோட்டைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் ராத்திரி ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன்.

இப்போது சுகந்திக்கு வருவோம். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவள் அப்பா ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு வாஷர்கூட வெளியே விடாத மனிதர். காய்கறிக் கடையில் கடைக்காரர் நீட்டும் தக்காளியை வாங்கமாட்டார், அடியில் கைவிட்டுத் தானே பொறுக்குவார். தெருவில் ஒரு நட்டு கிடந்தாலும் விடமாட்டார், குனிந்து எடுத்து, துடைத்து, பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் ஒரு டப்பா நிறைய அப்படிப் பொறுக்கிய சாமான்கள். இதெல்லாம் சபையில் குழந்தைக்கும் தெரியும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும், எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். சீட்டில் ஒரு வசனம் அச்சாகியிருக்கும். வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு நமக்கு என்று கணக்கு. மற்றவர்கள் அதை வாங்கி, படித்து, சந்தோஷப்பட்டு, ஒரு வாரத்தில் எங்கேயோ வைத்துவிடுவார்கள். ஸ்டோர்கீப்பர் அதை உத்தரவாக எடுத்துக்கொள்வார். ஒரு வருஷம் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்கிற வசனம் வந்தது. வாங்குவதாக இருந்த ஃபிரிட்ஜை அதோடு நிறுத்திவிட்டார். மே மாதம் முழுக்க அந்த வீட்டில் பானைத் தண்ணீர்தான்.

என் அம்மா நவம்பரில் போய்ப் பெண் கேட்டாள். ஸ்டோர்கீப்பர் வேண்டாமென்று சொல்லவில்லை. திருவள்ளூரிலிருந்து ஒரு வாத்தியார் வரனும் வந்திருக்கிறது, பையன் சீட்டையே தொட்டதில்லையாம், உங்கள் பையனோ மேஜிக் அது இது என்று திரிகிறான், எதற்கும் ஜனவரி ஒன்றாம் தேதி சீட்டு எடுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆக, என் கல்யாணம் இருநூறு சீட்டுக்குள் எங்கேயோ ஒன்றில் இருந்தது. அந்த இருநூறில் காத்திருக்கச் சொல்கிற வசனங்கள் ஏராளம் என்பது எனக்குத் தெரியும். எனக்கே மூன்று வருஷம் அதுதான் வந்திருக்கிறது.

சரி, அந்த இருநூறு சீட்டையும் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று நினைக்கிறீர்கள்? டோக்கனேதான். முன்பெல்லாம் ஒரு பெரியவர் தட்டில் வைத்து நீட்டுவார். ஒருமுறை ஃபேன் காற்றில் தட்டு கவிழ்ந்து, ஊருக்கே வரவேண்டிய ஆசீர்வாதமெல்லாம் பெஞ்சுக்கடியில் பறந்துவிட்டது. எது யாருடையது என்று ஒரே தகராறு. சீட்டாட்டம் பாவம் என்று பிரசங்கம் செய்கிற போதகர் ஐயாவே அப்புறம் டோக்கனைக் கூப்பிட்டார். அவர் இருநூறையும் ஒரே கையில் விசிறியாக விரித்து நிற்பார். காற்றடித்தாலும், குழந்தை பிடித்து இழுத்தாலும் ஒன்றுகூட விழாது. அவர் வாழ்நாளில் ஒரு சீட்டுகூடக் கீழே விழுந்ததில்லை என்பது ரயிலிலும் தொழிற்சாலையிலும் சபையிலும் தெரிந்த விஷயம். அதில்தான் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

யாரைப் பார்த்து ஐந்து வருஷம் வயிறெரிந்தேனோ, அவர் காலிலேயே போய் விழ வேண்டிய நிலைமை. டிசம்பரில் ஒரு சாயங்காலம் ஆவடி பிளாட்பாரத்தில் அவரை ஓரங்கட்டி, விஷயத்தைச் சொல்லி, ஒற்றையாளுக்குத் துணை கிடைப்பதைப் பற்றி ஒரு வசனம் அந்தச் சீட்டுகளில் இருக்கிறது, அதை மட்டும் ஸ்டோர்கீப்பர் கைக்குத் தள்ளிவிடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அது ஆண்டவரு சீட்டு நைனா. அங்க நான் வெறும் தட்டு. தட்டு எங்கியாச்சும் மேஜிக் பண்ணுமா?" என்றார். "இஸ்பேடு ராணி வோணும்னு சொல்லு. இப்பவே உன் சட்டப் பையில கீறா."

தொட்டுப் பார்த்தேன். இருந்தாள். அந்த நேரத்திலும் அவர் எப்போது வைத்தார் என்று யோசித்தேனே தவிர, எனக்கு அழுகை வரவில்லை. மேஜிக்காரர் ஜாதி அப்படி. சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஸ்டோர்கீப்பரிடம் நேரில் போய்ப் பேசு, கோட்டு போடாமல் போ என்று புத்தி சொன்னார். கோட்டு இல்லாமல்தான் போனேன். ஸ்டோர்கீப்பர் காபி கொடுத்து, "ஒண்ணாம் தேதி பாப்போம் தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

ஒன்றாம் தேதி வந்தது. வரிசையில் ஸ்டோர்கீப்பருக்கு நாலு பேர் பின்னால் நான். என் கண் டோக்கனின் கட்டைவிரலை விட்டு அகலவில்லை. ஸ்டோர்கீப்பர் முன்னால் போய் நின்றார், கண்ணை மூடி ஜெபித்தார், கையை நீட்டினார். தக்காளிக் கடைப் புத்தி போகுமா? விசிறியின் நடுவை விட்டு, ஒரு ஓரத்துக்குப் போனார், அங்கிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போனார். அப்போது டோக்கன் இருமினார். கை ஒருமுறை ஆடியது. ஒரு சீட்டு நழுவி, சுற்றிக்கொண்டே போய், ஸ்டோர்கீப்பரின் செருப்பில்லாத காலடியில் விழுந்தது.

பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். டோக்கன் முகம் வெளுத்துப்போய், "மன்னிச்சிக்கோங்க ஐயா, கை நழுவிடுச்சு" என்று குனியப் போனார். அதற்குள் ஸ்டோர்கீப்பர் குனிந்துவிட்டார். எடுத்தார், வேட்டியில் துடைத்தார், தூரப் பிடித்துப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குப் பெண் கிடைத்துவிட்டது. ஒற்றையாளுக்குத் துணை கிடைக்கும் வசனம். அவர் வீடு தேடி நேரில் வந்து கேட்ட ஒற்றையாள் நான் ஒருவன்தானே.

ஏப்ரலில் கல்யாணம். என் சந்தோஷத்தைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கிடைத்த சந்தோஷம் இரண்டு. ஒன்று சுகந்தி. இன்னொன்று, டோக்கன் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். அவர் முடியாதென்று சொல்லியும், அவர் தயவே இல்லாமல், என் அதிர்ஷ்டத்தில் எனக்கு வேண்டிய சீட்டு வந்தது. அவரோ ஊர் முன்னால் கை நழுவி நின்றார். இதைவிட என்ன வேண்டும்?

விட்டேனா நான்? ரயிலில் ஏறியதும், அண்ணே ஜாக்கிரதை, சீட்டு விழப்போகிறது என்பேன். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர் சீட்டுக்கட்டை எடுத்தாலே கீழே பிடிக்க யாராவது துண்டை விரிப்பார்கள். டோக்கனும் சேர்ந்து சிரிப்பார். "வயசாவுதில்ல நைனா" என்பார். அடுத்த வருஷம் போதகர் ஐயா அவரிடம் சீட்டுகளைக் கொடுக்கவில்லை. வேறு யாரிடம் கொடுத்தார் என்று கேட்கிறீர்களா? என்னிடம்தான். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். டோக்கன் மற்றவர்களோடு வரிசையில் வந்து, என் கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, நன்றாகப் பிடிக்கிறாய் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பல வருஷம் அந்தப் பெருமையிலேயே ஓடியது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர், வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மாமனார் அப்போது எங்களோடுதான் இருந்தார். அந்தச் சீட்டை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார். இறக்கும்போது கை தவறிக் கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போடலாம் என்று சீட்டை வெளியே எடுத்தேன். இத்தனை வருஷமும் சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த கீழ்முனை, விரலில் லேசாக இடறியது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சோற்றுப் பருக்கை அளவு மடிப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு.

அப்படியே வெள்ளையடிக்கப் போட்ட ஸ்டூல்மேல் உட்கார்ந்துவிட்டேன். வேஷ்டியெல்லாம் சுண்ணாம்பு.

மாமனார் நீட்டுவதை எடுக்கமாட்டார். சாதாரண ஃபோர்ஸ் அவரிடம் பலிக்காது. ஆனால் விழுந்ததை விடமாட்டார். இது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், டோக்கனுக்கு மட்டும் அதைச் சீட்டோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. மடித்த சீட்டைக் கட்டைவிரலடியில் வைத்துக்கொண்டு, அவர் முறை வரும்வரை காத்திருந்து, இருமி, கையை ஆட்டி, சரியாகக் காலடியில் போட்டிருக்கிறார். முகத்தை வெளுக்கவைத்தது எப்படி என்றுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஐந்து வருஷம் அந்தக் கையை மட்டும் பார்த்தவனுக்கு அன்றைக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? எப்படி வரும், அவர் தோற்கவேண்டுமென்று அவ்வளவு ஆசைப்பட்டவனுக்கு?

டோக்கன் அப்போது ஓய்வு பெற்று, பாரிவாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். சீட்டை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, இது யார் நகம்?" என்று கேட்டேன்.

கட்டைவிரலால் முனையைத் தடவினார். பிளந்த நகம் அந்த இரண்டு கோட்டில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. உடனே விரலை எடுத்துவிட்டார்.

"அச்சாபீஸ்ல மடிஞ்சிருக்கும்பா."

"பொய் சொல்லாதீங்க அண்ணே. நான் உங்கள எவ்வளவு கேலி பண்ணேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

டோக்கன் சீட்டை என் பையில் அவரே வைத்தார். "இன்னான்னு சொல்றது? இன்னொருத்தன் மேஜிக்ல வந்த பொண்டாட்டின்னு நெனச்சுகினா, கொயம்புல உப்பு கம்மின்னு சொல்றதுக்குக்கூட உனக்கு வாய் வராது நைனா. உன் அதிர்ஷ்டத்துல வந்தான்னே இருக்கட்டும்" என்றார். "கீய போட்டவன் நான். ஊரே பாத்துச்சு. அத அப்புடியே வுட்டுடு."

டீ குடித்தோம். ஆண்டவர் சீட்டில் கை வைக்கமாட்டேன் என்றீர்களே என்று கேட்டதற்கு, அதற்காக இன்றுவரை தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை.

பூந்தமல்லி வந்து பஸ் மாறி, வீட்டுக்கு வந்து பையைத் துழாவினேன். வசனச் சீட்டு இருந்தது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு, முனையில் அதே இரண்டு கோட்டோடு, இஸ்பேடு ராணி. புரை விழுந்த கண்ணோடு, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு வைத்திருக்கிறார். நான் புரொஃபசர். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதுக் கண்ணாடி போட்டுச் சட்டத்தை மாட்டிவிட்டேன். மாமனார் தினமும் காலையில் அதன் முன்னால் நின்றுதான் ஜெபம் செய்வார். அவருக்காகச் சீட்டுக்கட்டே நுழையாத அந்த வீட்டில், வசனத்துக்குப் பின்னால் ராணி இருப்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. சுகந்திக்குத் தெரியும். குழம்பில் உப்புக் குறைந்த நாட்களில் நான் அந்தச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிடுவதைப் பார்த்து அவள் சிரிப்பாள். இரண்டு சீட்டின் முனையையும் நான் நிமிர்த்தவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான் டோக்கன் அண்ணாத்தே, அது போகவே வேண்டாம்.